விமானப் பயணம்: தொலைவையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ ஊருக்கு வருகிறார்கள். டிக்கெட்டின் நகல் இமெயிலில் வந்திருக்கிறது. அதில் புறப்படும் நேரம் இருக்கிறது. வந்து சேரும் நேரம் இருக்கிறது. இரண்டையும் கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் கிடைக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை இரண்டு குழந்தைகளுடன் சென்னைக்கு வந்தார். டிக்கெட்டில் சேரும் நேரம் "15ஆம் தேதி, 00:40" என்று இருந்தது. 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். அவர் 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 40 நிமிடத்தில், அதாவது 15ஆம் தேதி பிறந்தவுடனேயே வந்து இறங்கிவிட்டார். கையில் இருந்த போனில் இந்திய சிம் கார்டு இல்லை. விடியும் வரை பெட்டிகளின் மேல் குழந்தைகளைத் தூங்க வைத்து உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டில் தவறில்லை. அதைப் படித்த என் மீதுதான் தவறு.

இப்படிப்பட்ட குழப்பம் வராமல் இருக்க, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரே போதும். ஒரு பிரவுசர், ஒரு ஒர்க்ஷீட். இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம் என்பதை அரை மணி நேரத்தில் கணக்கிட்டுவிடலாம். ஒர்க்ஷீட்டில் தேதியையும் நேரத்தையும் கையாளுவது எப்படி என்பதும் கூடவே பழகிவிடும். சென்னை – லண்டன் பயணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தொலைவை அளக்கலாம்

பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளத்திற்குச் செல்லவும். தேடும் கட்டத்தில் சென்னை விமான நிலையம் என்று டைப் செய்து என்டர் தட்டவும். தமிழிலேயே டைப் செய்திடலாம். மேப்பில் அந்த இடம் காட்டப்படும்.

1. ஓடுபாதைக்கு அருகே மவுஸின் கர்சரை வைத்து ரைட் கிளிக் செய்திடவும். ஒரு சிறிய மெனு கிடைக்கும்.

2. அதில் "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிளிக் செய்த இடத்தில் ஒரு சிறிய வட்டம் தோன்றும்.

3. மவுஸின் நடுவில் உள்ள சக்கரத்தைச் சுழற்றி மேப்பைச் சிறிதாக்கவும். இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி இழுத்து, லண்டன் தெரியும்படி மேப்பை நகர்த்தவும்.

4. மீண்டும் சக்கரத்தைச் சுழற்றிப் பெரிதாக்கி, லண்டனின் மேற்கே உள்ள ஹீத்ரோ விமான நிலையத்தின் மீது கிளிக் செய்திடவும். இரண்டு ஊர்களையும் இணைத்து ஒரு கோடு வரும். மொத்தத் தொலைவு கீழே ஒரு கட்டத்தில் கிடைக்கும்.

தவறான இடத்தில் கிளிக் செய்துவிட்டால் கவலை வேண்டாம். அந்தப் புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் விடலாம்.

கிடைக்கும் விடை சுமார் 8,230 கி.மீ. நீங்கள் கிளிக் செய்த இடத்தைப் பொறுத்துச் சில கிலோமீட்டர்கள் கூடலாம், குறையலாம். வேறு தளங்களில் இதே தொலைவை 5,114 என்றும், 4,444 என்றும் பார்க்க நேரலாம். இவையும் சரியே. முதலாவது சாதாரண மைல் கணக்கு. ஒரு மைல் 1.609 கி.மீ. இரண்டாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் உள்ள அலகையும் பார்த்துவிடுங்கள்.

கோடு ஏன் வளைகிறது?

தட்டையான மேப்பில் நீங்கள் போட்ட கோடு நேராக இல்லாமல், வடக்குப் பக்கம் வில் போல வளைந்து இருப்பதைக் காணலாம். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. பூமி உருண்டை; மேப் தட்டை. உருண்டையின் மேல் மிகக் குறைந்த தொலைவுள்ள வழி, தட்டையான தாளில் வளைந்துதான் தெரியும்.

வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நூலைச் சென்னையில் ஒரு விரலாலும் லண்டனில் மறு விரலாலும் பிடித்து இறுக்கி இழுக்கவும். நூல் தானாகவே மிகக் குறைந்த வழியில் படியும். கூகுள் மேப்ஸ் காட்டுவது அந்த நூலைத்தான். சுவரில் மாட்டும் மேப்பில் ஸ்கேலை வைத்து நேர்கோடு போட்டு அந்த வழியே பறந்தால் சுமார் 8,480 கி.மீ. ஆகும். அதாவது 250 கி.மீ. கூடுதல்.

தொலைவு கூடக் கூட இந்த வித்தியாசமும் பெரிதாகும். சிங்கப்பூர் – நியூயார்க் தொலைவை இதே முறையில் அளந்து பாருங்கள். உருண்டையின் மேல் சுமார் 15,340 கி.மீ.; இந்த வழி வட துருவத்தை ஒட்டியே செல்லும். ஸ்கேல் வைத்த நேர்கோட்டில் போனால் சுமார் 18,500 கி.மீ.

கோட்டின் வழியே விமானம் போகுமா?

அப்படியே போகாது. நாம் அளந்தது இரண்டு ஊர்களுக்கு இடையே சாத்தியமான மிகக் குறைந்த தொலைவு. உண்மையில் விமானம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கும்.

சென்னை – லண்டன் கோட்டை நிதானமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மகாராஷ்டிரத்தைக் கடந்து, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல், ரஷ்யா, உக்ரைன் என்று அது போகும். உக்ரைனின் வான்பகுதி 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியவுடன் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதே மாதத்தில் ரஷ்யாவும் பிரிட்டன் விமானங்களுக்குத் தன் வான்பகுதியை மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பகுதியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. இப்படி ஒவ்வொரு மூடலும் விமானங்களைச் சுற்றிப் போக வைக்கிறது. சென்ற முறை பத்து மணி நேரத்தில் வந்த மகன் இந்த முறை கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பயண நேரம்: முதல் ஒர்க்ஷீட்

இனி எக்ஸெல் புரோகிராமைத் திறக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். கீழே வருவது மூன்றிலும் வேலை செய்யும். செல்களின் பெயர்களை இங்கே ஏ1, பி1 என்று எழுதியுள்ளோம். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் டைப் செய்திடவும்.

ஏ வரிசையில் விளக்கம், பி வரிசையில் எண் என்று வைத்துக்கொள்வோம்.

ஏ1: தொலைவு (கி.மீ.) — பி1: 8230

ஏ2: சராசரி வேகம் (மணிக்கு கி.மீ.) — பி2: 850

ஏ3: கூடுதல் நேரம் (மணி) — பி3: 0.5

ஏ4: பயண நேரம் — பி4: =பி1/பி2+பி3

பெரிய ஜெட் விமானங்கள் உயரே நிலையாகப் பறக்கும்போது மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. எனவே சராசரியாக 850 என எடுத்துக்கொண்டோம். டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு ஊரில் நிற்குமிடம் சேர்வது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் அடங்கும். அதற்காகத்தான் அரை மணி சேர்த்தோம்.

என்டர் தட்டினால் பி4 செல்லில் 10.18 என்று வரும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இது 10 மணி 18 நிமிடம் அல்ல. பத்து மணியும், ஒரு மணி நேரத்தில் 0.18 பங்கும். 0.18ஐ 60ஆல் பெருக்கினால் சுமார் 11 நிமிடம்.

இதை எக்ஸெல்லே மாற்றித் தரும். பி4 செல்லில் உள்ள பார்முலாவை இப்படி மாற்றவும்:

=(பி1/பி2+பி3)/24

எக்ஸெல் கணக்கில் ஒரு முழு நாள் என்பது 1. ஒரு மணி நேரம் என்பது 24இல் ஒரு பங்கு. எனவேதான் 24ஆல் வகுக்கிறோம். இப்போது செல்லில் 0.42 என்பது போல ஏதோ ஒரு எண் தெரியும். அந்த செல்லின் மீது ரைட் கிளிக் செய்து "பார்மட் செல்ஸ்" தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் "நம்பர்" டேபில் "கஸ்டம்" என்பதைக் கிளிக் செய்து, "டைப்" கட்டத்தில் [எச்]:எம்எம் என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து ஓகே கொடுக்கவும். சதுர அடைப்புக்குறியை விட்டுவிட வேண்டாம். அது இருந்தால்தான் 24 மணிக்கு மேற்பட்ட நேரத்தையும் சரியாகக் காட்டும். கூகுள் ஷீட்ஸில் இந்த வசதி "பார்மட்" மெனுவில், "நம்பர்" பிரிவில் "டியூரேஷன்" என்ற பெயரில் உள்ளது.

இப்போது பி4 செல்லில் 10:10 என்று கிடைக்கும்.

பி2 செல்லில் உள்ள வேகத்தை மாற்றிப் பாருங்கள். 780 என்று கொடுத்தால் 11:03 வரும். 870 கொடுத்தால் 9:57 வரும். இது வெறும் விளையாட்டு அல்ல. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் வீசுகிறது. இதை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். லண்டனிலிருந்து கிழக்கே வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் விமானத்திற்கு அது எதிர்க்காற்று. அதனால்தான் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டு கடிகாரங்கள்: இரண்டாவது ஒர்க்ஷீட்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி அச்சிடப்படுகிறது. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இரண்டு வேறு கடிகாரங்களின் நேரத்தைக் கழித்தால் விடை தவறாகத்தான் வரும். முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்திற்குக் கொண்டுவர வேண்டும். உலகம் முழுவதும் இதற்குப் பொதுவாக வைத்திருப்பது லண்டனில் உள்ள கிரீன்விச் நேரம்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. இந்திய நேரம் கிழக்கே 82.5 டிகிரிக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் 5.5. எனவே நாம் கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். சிங்கப்பூர் 8 மணி முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால். லண்டன் குளிர்காலத்தில் 0.

கீழே உள்ள டேபில் கிளிக் செய்து இரண்டாவது ஷீட்டைத் திறந்து, இவற்றை டைப் செய்திடவும்:

ஏ1: புறப்படும் நாள், நேரம் — பி1: 10-ஜன்-2026 05:30

ஏ2: புறப்படும் ஊரின் நேர வேறுபாடு — பி2: 5.5

ஏ3: சேரும் நாள், நேரம் — பி3: 10-ஜன்-2026 11:00

ஏ4: சேரும் ஊரின் நேர வேறுபாடு — பி4: 0

ஏ5: பயண நேரம் — பி5: =(பி3-பி4/24)-(பி1-பி2/24)

தேதிக்கும் நேரத்திற்கும் இடையே ஒரு இடைவெளி விடவும். மாதத்தை எண்ணாகக் கொடுக்காமல் ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாகக் கொடுப்பது நல்லது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறைக்கு செட் செய்யப்பட்டிருந்தால், 10-01 என்பதை அது அக்டோபர் 1 என்று எடுத்துக்கொண்டுவிடும்.

பி5 செல்லில் 1900 என்று ஏதோ ஒரு பழைய தேதி தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் நாட்களை 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகிறது. முன்பு செய்தது போல பார்மட்டை மாற்றினால் 11:00 என்று கிடைக்கும்.

சென்னையில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, லண்டனில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குகிறார். நேரடியாகக் கழித்தால் ஐந்தரை மணி நேரம். உண்மையில் 11 மணி நேரம்.

திரும்பி வருவதைப் பார்ப்போம். லண்டனில் 20ஆம் தேதி பகல் 13:30க்குக் கிளம்பி, சென்னையில் 21ஆம் தேதி காலை 05:00க்குச் சேர்கிறார். பி2 செல்லில் 0, பி4 செல்லில் 5.5 என்று மாற்றிவிடவும். நேரடியாகக் கழித்தால் 15 மணி 30 நிமிடம். ஒர்க்ஷீட் 10:00 என்று சரியாகச் சொல்லும்.

மார்ச், அக்டோபர் மாதங்களில் கவனம்

பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னால் வைக்கிறார்கள். இந்த இடைப்பட்ட மாதங்களில் லண்டனுக்கு 0 என்பதற்குப் பதில் 1 என்று கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்த மாற்றம் உண்டு. அப்போது நியூயார்க்குக்கு -5 என்பதற்குப் பதில் -4. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தப் பழக்கம் இல்லை. பழைய ஒர்க்ஷீட்டை மீண்டும் திறக்கும்போது முதலில் இதைச் சரிபார்க்கவும்.

காணாமல் போகும் நாள்

இப்போது ஒரு நீண்ட பயணத்தைக் கணக்கிடுவோம். நியூயார்க் – சிங்கப்பூர் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இடைநில்லா விமானத்தைத் தொடங்கியது. நியூயார்க்கில் ஜனவரி 10 இரவு 22:30க்குக் கிளம்பும் விமானம், சிங்கப்பூரில் ஜனவரி 12 காலை 06:15க்குச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி2 செல்லில் -5, பி4 செல்லில் 8 கொடுக்கவும். கழித்தல் குறியை மறக்க வேண்டாம். விடை 18:45. முதல் ஒர்க்ஷீட்டில் 15340 என்ற தொலைவைக் கொடுத்தால் 18:32 கிடைக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நம் கணக்கு சரி என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 10ஆம் தேதி இரவு ஏறியவர் 12ஆம் தேதி காலையில் இறங்குகிறார். இரவு ஏறினால் மறுநாள்தானே வருவார் என்று எண்ணி, உறவினர் 11ஆம் தேதியே விமான நிலையத்திற்குப் போனால் ஏமாற்றம்தான். அந்த 11ஆம் தேதியைப் பயணி வானத்திலேயே கழித்துவிடுகிறார்.

நம் ஊர் நேரத்தில் எப்போது?

வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும் இன்னும் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்.

ஏ6: புறப்படும்போது இந்திய நேரம் — பி6: =பி1-பி2/24+5.5/24

இந்தச் செல்லுக்குத் தேதியும் நேரமும் காட்டும் பார்மட் கொடுக்கவும். மேலே சொன்ன நியூயார்க் பயணத்திற்கு, ஜனவரி 11 காலை 9 மணி என்று கிடைக்கும். மகன் விமானத்தில் ஏறும்போது நம் வீட்டில் காலை 9 மணி. அதிலிருந்து பத்தொன்பது மணி நேரத்திற்குப் போன் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தக் கணக்கு தெரியாத அம்மாக்கள் அன்று மாலையிலிருந்தே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விடை சரியாக வரவில்லையா?

செல் முழுவதும் ##### என்று தெரிந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. கட்டத்தின் அகலம் போதவில்லை. மேலே எழுத்துகளுக்கு இடையே உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்தால் அகலமாகும். அப்படியும் போகவில்லை என்றால், சேரும் நேரம் புறப்படும் நேரத்திற்கு முன்னால் வந்துவிட்டது என்று பொருள். தேதியைத் தவறாகக் கொடுத்திருப்பீர்கள்.

டைப் செய்த தேதி செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்கவில்லை. வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. இடைவெளியையும் மாதத்தின் எழுத்துகளையும் சரிபார்த்து மீண்டும் டைப் செய்திடவும்.

பயணத்தில் நடுவே வேறு ஊரில் விமானம் மாறுவதாக இருந்தாலும் இதே பார்முலாதான். முதல் ஊரில் புறப்படும் நேரத்தையும் கடைசி ஊரில் சேரும் நேரத்தையும் கொடுத்தால், காத்திருக்கும் நேரமும் சேர்ந்த மொத்த நேரம் கிடைக்கும்.

ஒர்க்ஷீட்டைப் "பயணக் கணக்கு" என்ற பெயரில் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டிக்கெட் வந்தவுடன் நான்கு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

கடைசியாக, இதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. சேரும் நேரம் 00:01 முதல் 05:00 வரை ஏதாவது ஒன்றாக இருந்தால், டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முந்தைய நாளின் இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். காலண்டரில் அந்த முந்தைய நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.